கண்டக்டர் சம்பந்தியின் பெட்ரோல் மூடி

என்றும் என் மதிப்புக்குரிய கண்டக்டர் சம்பந்திக்கு,

போன இடத்தில் நலமாக இருப்பீர்கள். அங்கேயும் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்து, "உள்ள போங்கபா, உள்ள எடம் இருக்குது" என்று சொல்லிக்கொண்டுதான் இருப்பீர்கள். இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மானம்தான் கொஞ்சம் சிராய்த்துக்கொண்டது. அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஊரிலிருந்து அடுத்து அங்கே வருகிறவர் யாராவது கைகால் வைத்துச் சொல்லிவிடுவார்.

ஒரு முகூர்த்த நாளுக்கு முந்தைய நாள், காந்தி ரோட்டில், பட்டுக்கடைகளுக்கு நட்டநடுவில் உங்கள் கார் நின்றுவிட்டது. பின்னால் பஸ், அதற்குப் பின்னால் வெளியூர் வேன்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் ஹாரன். நான் இறங்கி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ள ஆரம்பித்தேன். பாதி தூரத்தில் வேட்டி அவிழ்ந்தது. ஒரு கையில் கார், ஒரு கையில் வேட்டி. எதை விட்டாலும் ஆபத்து. அப்போது பார்த்து, சேலை வாங்க வருகிறவர்களைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போகிற புரோக்கர் ஒருவன் ஓடி வந்தான்.

"சார், எந்த ஊரு சார்? வண்டி நிக்கட்டும் சார். மாடில தறி ஓடிக்கினு இருக்குது, பாத்துட்டு வாங்க. டைரக்ட் ரேட்டு."

"யோவ், நீ இட்டுக்கினு போற கடைக்கே பொட்டி போட்டுக் குடுக்கறவன்யா நானு" என்றேன், மூச்சிரைக்க.

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "அட, பொட்டிக்காரரா? கார்லலாம் வந்துக்கினு இருக்கீங்க!" என்று சொல்லிவிட்டு, தள்ளக் கை கொடுக்காமல் போய்விட்டான். இவ்வளவு காலம் இந்த ஊர்க் கடைகளுக்கெல்லாம் சேலை வைக்கும் அட்டைப்பெட்டி செய்து கொடுத்ததற்கு எனக்குக் கிடைத்த மரியாதை அது.

வண்டியை ஓரம் கட்டி, வேட்டியையும் ஓரம் கட்டி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினேன். ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆயிற்று. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கெட்டுப் போன வண்டி கெட்டே கிடந்தால் நம்பலாம். நின்று, நாலு பேர் சிரித்த பிறகு, தானாக ஓடுகிற வண்டியை எப்படி நம்புவது?

உங்கள் வண்டி என் வீட்டுக்கு வந்த கதை உங்களுக்குத் தெரியாது. உங்கள் காரியமெல்லாம் முடிந்து, பந்தல்காரன் கம்பு பிடுங்கிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை சதீஷ் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அப்பா வண்டி வெயில்ல நின்னுக்கினு இருக்குது மாமா. எனக்கு பைக் போதும். உங்களுக்குப் பொட்டி ஏத்திக்கினு போக ஆவும்ல? வெளில கேக்கற வெலைல பாதி குடுங்க, போதும்."

பாதி விலை என்றதும் எனக்கு மூக்கு அரித்தது. பாதி விலைக்கு அட்டை வந்தால் நான் முதலில் முகர்ந்து பார்ப்பேன். மழையில் நனைந்த அட்டைக்கு ஒரு வாடை உண்டு. ஆனால் அட்டையை முகரலாம், மாப்பிள்ளை கொடுக்கிற வண்டியை முகர முடியுமா? சந்தையில் மாட்டைப் பல் பிடித்துப் பார்க்கலாம். சம்பந்தி வீட்டு மாட்டுக்குப் பல்லைப் பிடித்தால் நம் பல்லை எண்ணிவிடுவார்கள். மெக்கானிக்கை அழைத்துவந்து ஒரு வார்த்தை கேட்காமல், பானெட்டைக்கூடத் தூக்காமல், "சரி மாப்ள, நல்லா இருக்கட்டும்" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நம் ஊரில் சம்பந்தி வைத்திருப்பவன் செய்கிற முட்டாள்தனம் இது. வேறு எவனும் செய்ய மாட்டான்.

வந்ததும் நான் செய்த முதல் வேலை, பெட்ரோல் மூடியை மாற்றியது. எங்கள் தெருவில் இரவில் நிறுத்திய பைக்கில் காலையில் பெட்ரோல் இருக்காது. யாரையும் நம்புவதற்கில்லை. உங்கள் மூடியோ பிளாஸ்டிக். நடுவில் ஒரு ஓட்டை, ஓட்டைக்கு மேல் ஒட்டிய ஒரு துணித் துண்டு. 'ஓட்டை மூடியை மாற்றக்கூட மனசு வரவில்லை பார், கண்டக்டர் புத்தி' என்று நினைத்துக்கொண்டு, சாவி போட்டுப் பூட்டுகிற இரும்பு மூடி ஒன்றை வாங்கி மாட்டினேன். அந்தச் சாவியைக் கோயில் உண்டியல் சாவி மாதிரி அரைஞாணில் கட்டிக்கொள்ளாத குறை.

பிறகுதான் வண்டி வேலையைக் காட்ட ஆரம்பித்தது. பக்கத்தில் போய் வந்தால் ஒன்றும் இருக்காது. தூரம் போனால் முதலில் இழுவை குறையும், பிறகு விக்கல் எடுப்பது போல இரண்டு குலுக்கு, பிறகு நின்றுவிடும். டேங்க் நிரப்பிய நாளில் இன்னும் சீக்கிரம். அதனால் பெட்ரோல் பங்க்கில் தண்ணீர் கலக்கிறார்களோ என்று பார்த்தேன். ஒரு பாட்டிலில் பிடித்து வெயிலில் வைத்துக் காத்திருந்தேன். பிரியவில்லை. பங்க்காரன் தப்பித்தான்.

அடுத்து மெக்கானிக் தாமு. அவன் சொன்னான்: "அண்ணே, பெட்ரோல் ஒழுங்கா ஏறல. டேங்க எறக்கி பம்ப மாத்திப் பாக்கலாம். அதுலயும் சரி ஆவலன்னா இன்ஜின எறக்கிப் பாத்துடலாம்."

"எறக்கிப் பாத்துடலாம்னா? திருவிழாவுக்கு சாமி எறக்கற மாரி சொல்ற? மொதல்ல இன்னா வியாதின்னு சொல்லு. அப்பறமா கத்திய எடு."

"தெறந்தாதான் அண்ணே தெரியும்."

"தெறந்துட்டா, உள்ள இன்னா இருந்தாலும் அதான் வியாதின்னுவ."

தாமு கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். "உங்கள மாரி நாலு கஸ்டமர் இருந்தா போதும்ணே. நான் ஸ்பேனர தூக்கிப் போட்டுட்டு வக்கீலுக்குப் படிக்கப் போய்டுவேன்."

நான் விடவில்லை. திறக்காமல் என்னென்ன பார்க்க முடியுமோ எல்லாம் பார்க்கச் சொன்னேன். எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி அடியில் பார்த்தோம். தண்ணீர் கலந்திருந்தால் பால் காப்பி நுரை மாதிரி இருக்குமாம், இல்லை. ரேடியேட்டரில் குமிழி வருகிறதா, இல்லை. புகையில் எண்ணெய் வருகிறதா என்று பார்க்க, பெட்டிக்கு உள்ளே ஒட்டுகிற வெள்ளைத் தாளைக் கொண்டுபோய்ப் புகைக்குழாய் வாயில் பிடித்தேன். ஈரம் பட்டது, கறை விழவில்லை. கடைசியில் ஓடுகிற இன்ஜினில் பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கச் சொன்னேன். எதைப் பிடுங்கினால் சத்தம் மாறவில்லையோ அங்கேதான் கோளாறு, அது ஏற்கெனவே வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ஒன்றைப் பிடுங்கினான், இன்ஜின் தள்ளாடியது. அடுத்ததிலும் தள்ளாடியது. நாலிலும் அப்படியே. கூலி வாங்கிக்கொண்டு சும்மா நிற்கிறவன் எவனும் உள்ளே இல்லை.

"இன்ஜின் நல்லா இருக்குதுபா" என்றேன்.

"இப்ப நல்லா இருக்குது" என்றான் தாமு. டாக்டர் வீட்டு வாசலில் காய்ச்சல் விட்டுவிடுகிற பிள்ளை மாதிரி, அவன் ஷெட்டில் மட்டும் அந்த வண்டி அவ்வளவு சமர்த்து. வேலை வராமல் போய்விடுமோ என்று அவன் அப்படிச் சொல்கிறானோ? அவனையும் என் சந்தேகப் பட்டியலில் உட்காரவைத்தேன். அங்கே ஏற்கெனவே நல்ல கூட்டம்.

முன் வரிசையில் உட்கார்ந்திருந்தவர் மாப்பிள்ளை. அவரை அங்கே உட்காரவைத்தவள் சரோஜா. உங்களுக்குத் தெரியாததா, என் வீட்டுக்காரிக்குச் சந்தேகம் என்பது சாப்பாட்டுக்கு அப்பளம் மாதிரி.

"பாதி வெலைக்கு எவனாச்சும் குடுப்பானா? தெரிஞ்சேதான் நம்ம தலைல கட்டிட்டாரு உங்க மாப்ள. கேளுங்க. நீங்க கேக்கலன்னா நான் கேக்கறேன்."

"இன்னா கேக்கறது? சீர் வரிசைல செம்பு ஒழுவுதுன்னு கேக்கற மாரி கேக்கச் சொல்றியா?"

"ஒழுவுனா கேக்கத்தான் வேணும்."

கேட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நான் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். என் பெண் பவானி அந்த வீட்டில்தான் விடிய வேண்டும், அந்த வீட்டில்தான் அடைய வேண்டும். "உங்கப்பா எங்கள திருடன்னு சொல்லிட்டுப் போனாரு" என்ற ஒரு பேச்சு அந்தச் சமையலறையில் எத்தனை வருஷம் கொதித்துக்கொண்டிருக்கும்? கேட்காவிட்டாலும் ஆபத்துதான். உங்கள் தலைத்திவசம் வந்துகொண்டிருந்தது. ஓரிக்கைப் பக்கம் பாலாற்றங்கரைக்கு உங்கள் வீட்டாரையெல்லாம் நானே வண்டியில் அழைத்துப் போகிறேன் என்று, யாரும் கேட்காமலே, பெரிய மனுஷனாக வாக்குக் கொடுத்திருந்தேன். அன்றைக்கு உங்கள் அக்கா முன்னாடி வண்டி நின்றால் சரோஜாவின் வாய் நிற்காது.

ஆகவே திவசத்துக்குள் கண்டுபிடித்தாக வேண்டும். வண்டியில் கோளாறா, மாப்பிள்ளையிடம் கோளாறா?

இன்னொரு ஆளும் பாக்கி இருந்தார். கோபித்துக்கொள்ளாதீர்கள் சம்பந்தி. உங்களையும்தான் சந்தேகப்பட்டேன். இருக்கும்போதே நீங்கள் இதை மறைத்து மறைத்து ஓட்டிக்கொண்டிருந்தீர்களோ?

உங்கள் மேல் எனக்குச் சந்தேகம் புதிதில்லை. நிச்சயதார்த்தத்தில் நீங்கள் வைத்த ஒரே நிபந்தனை, "பொண்ணு வேலைய வுடக் கூடாது, சம்பந்தி." எல்லோரும் கை தட்டினார்கள். நான் மட்டும், 'ஓகோ, சம்பளத்தின் மேல் கண்ணா' என்று நினைத்தேன். பிறகு அவள் காலை ஷிப்ட்டுக்கு, கம்பெனி பஸ் நிற்கிற இடம் வரைக்கும் தினமும் நீங்களே காரில் கொண்டுபோய் விடுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். மகனிடம் பைக் இருக்க, ரிட்டயர் ஆன மனுஷன் எதற்கு விடிகாலையில் எழுந்து மருமகளுக்கு வண்டி ஓட்டுகிறார்? காவலா? யாரோடு பேசுகிறாள் என்று பார்க்கவா? பெண்ணைக் கொடுத்தவனுக்குத் தூக்கம் கொஞ்சம், கற்பனை அதிகம்.

ஒருமுறை நானும் அந்தக் காரில் ஏறினேன், ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் உட்கார்ந்து, கண்ணாடியைச் சரி செய்து, கையை வெளியே நீட்டிக் கதவை இரண்டு தட்டுத் தட்டி, "போலாம்... ரைட்!" என்றீர்கள். டிரைவரும் நீங்களே, கண்டக்டரும் நீங்களே. இந்த மனுஷனுக்குத் தனக்குத்தானே உத்தரவு கொடுத்துக்கொள்ளாமல் வண்டி ஓட்ட வராது போலிருக்கிறது என்று வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தேன். வேலை போன பிறகும் விசில் போகவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பவானியை ஒரு நாள் எங்கள் வீட்டில் வைத்து அனுப்பலாம் என்று திருப்பருத்திக்குன்றத்தில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். அவளையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டேன். குழந்தை என்றதும் திகைக்காதீர்கள். நீங்கள் போனபோது அவளுக்கே தெரியாத செய்தி அது. பெண் குழந்தை. அழுதால் புறநகர் பஸ் ஹாரன் தோற்றுவிடும். யாரைக் கொண்டிருக்கிறாள் என்று உங்கள் தெருவில் யாரும் கேட்பதில்லை.

வீட்டிலிருந்து கிளம்பிக் கொஞ்ச தூரம்தான் வந்திருப்போம். ஊருக்குள் நுழைவதற்கு முன்னால், லாரி எடை போடுகிற எடைமேடை ஒன்று மூடிக் கிடக்கிறதே, அங்கே வந்ததும் பவானி ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தாள்.

"இங்கதான்பா மாமா வண்டி தெனமும் நிக்கும்."

நான் பிரேக்கை மிதித்த மிதியில் குழந்தை விழித்துக்கொண்டது.

"நிக்குமா? தெனமுமா?"

"தெனமும். ஷிப்ட்டுக்குப் போறப்போ."

சம்பந்தி, அந்த நிமிஷம் நான் முடிவு கட்டிவிட்டேன். அகப்பட்டுக்கொண்டீர்கள். தெரியும், அப்பாவுக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும், தினமும் நிற்கிற வண்டியைத் துடைத்து மினுக்கி என் தலையில் கட்டியிருக்கிறார்கள். சரோஜா ஜெயித்தாள். மாப்பிள்ளையிடம் பேசப் போகிற வசனம் முழுவதும் வாயில் தயாராக வந்து நின்றது.

ஆனால் என் சந்தேக புத்தி இருக்கிறதே, அது எனக்குச் சாதகமான சாட்சியைக்கூடச் சும்மா விடாது. எடைமேடையைப் பார்த்தேன். திரும்பி உங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தேன். கணக்கு இடித்தது.

"இரு இரு. வூட்ல இருந்து இங்க வர்றதுக்குள்ளயா? இன்னும் இன்ஜின் சூடே ஆவலயே. எனக்கு எப்பவும் ரொம்ப தூரம் போனாதான் நிக்குது. அதுவும் கண்ட எடத்துல நிக்குது. உங்க மாமாவுக்கு மட்டும் எப்பிடி தெனமும் ஒரே எடத்துல நிக்கும்?"

"உனக்கும் நிக்குதாப்பா?" என்று கேட்டாள் பவானி. நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவளிடம் அதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அத வுடு. நீ சொல்லு."

அவள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னாள். "அந்த வூட்ல அத்த குளிச்சி வெளக்கேத்தற வரைக்கும் யாரும் வாய்ல எதுவும் போடக் கூடாது, தெரியும்ல? எனக்கு அதுக்குள்ள பஸ் போய்டும். நான் தண்ணி குடிச்சிட்டு ஓடுவேன். மாமா பால் வாங்கப் போறப்போ இட்லி வாங்கியாந்து டேஷ்போர்டுல ஒளிச்சி வெச்சிருப்பாரு. இந்த எடம் வந்ததும் வண்டிய நிறுத்திட்டு, 'மூடிய பாக்கணும்மா, கொஞ்சம் நேரமாவும், நீ அதுக்குள்ள சாப்டு'ன்னு எறங்கிப் பின்னாடி போய்டுவாரு. மாமனார் எதிர்ல சாப்ட எனக்குக் கூச்சமா இருக்கும்னு முதுகக் காட்டிக்கினு நிப்பாரு. நான் கை தொடைக்கற சத்தம் கேட்டாதான் மூடிய மூடுவாரு. வந்து கதவ ரெண்டு தட்டு. போலாம் ரைட்."

அவ்வளவு கேட்டும் என் புத்தி அடங்கவில்லை. சந்தேகமாகவே கேட்டேன். "வண்டி கெட்டுப் போச்சுன்னு நீ நம்புனியா?"

"மொத ரெண்டு மூணு நாள் நம்புனேன். அப்பறம் தெரிஞ்சிபோச்சி. ஆனா எனக்குத் தெரியும்னு மாமாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாதுப்பா."

இப்போது தெரிந்துகொள்ளுங்கள், சம்பந்தி. அவளுக்குத் தெரியும்.

"அது ஏன் மூடி? டயர பாக்கணும்னு சொல்லி இருக்கலாமே?" என்றேன். நான் விடுவேனா?

"அதுக்கு முன்னாடி ஒரு காலத்துல நெஜமாவே நின்னுக்கினு இருந்துச்சுப்பா. வந்தவாசி கல்யாணத்துக்குப் போறப்போ நடுவழில நின்னுடுச்சு. மாமா எதையோ நெனச்சிப் பெட்ரோல் மூடிய தெறந்தாரு. புஸ்ஸுனு ஒரு சத்தம். அப்பறம் ஓடுச்சு. வூட்டுக்கு வந்து மூடியக் கழுவிக் காய வெச்சி, கோணி ஊசிய அடுப்புல பழுக்கக் காய்ச்சி மூடில ஒரு ஓட்ட போட்டாரு. 'பெட்ரோல் மூடிய அடுப்பாண்ட கொண்டாறியே, வூட்டக் கொளுத்தப் போறியா'ன்னு அத்த போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டுது. தூசு போவாம ஒரு துணிய ஒட்டுனாரு. அதுக்கப்பறம் ஒரு நாளும் நிக்கல. அந்த சாக்க மட்டும் மாமா வுடல."

ஓட்டை. துணித் துண்டு. சாவிக் கொத்தில் உண்டியல் சாவி மாதிரி தொங்கிக்கொண்டிருந்த பூட்டு மூடியின் சாவி என் முழங்காலில் இடித்தது.

ஆனாலும் நான் உடனே நம்பவில்லை. பவானியைச் சரோஜாவிடம் விட்டுவிட்டு, டேங்க்கை நிரப்பி, இரும்பு மூடியை இறுக்கிப் பூட்டிக்கொண்டு உத்திரமேரூர் ரோட்டில் தனியாகப் போனேன். இழுவை குறைந்தது. விக்கல் வந்தது. நின்றது. என் வாழ்க்கையில் ஒரு வண்டி நின்றதற்காக நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். இறங்கிப் போய்ச் சாவி போட்டு மூடியைத் திறந்தேன். புஸ்ஸ்ஸ் என்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. வெகுநேரம் மூச்சை அடக்கியிருந்தவன் விட்டு வாங்குகிற சத்தம். சாவியைத் திருப்பினேன், ஓடியது. வீட்டுக்கு வந்து, தகரடப்பாவில் உடைந்த கத்தரிக்கோல்களோடு கிடந்த உங்கள் ஓட்டை மூடியைத் தேடியெடுத்து மாட்டி, அதே ரோட்டில் அதே தூரம், அதற்கு மேலும் போய் வந்தேன். ஒரு விக்கல் இல்லை.

பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போயாக வேண்டும். போகாவிட்டால் பெட்ரோல் மேலே ஏறாது. நான் என்ன தொழில் செய்கிறேன், சம்பந்தி? பெட்டிக்கு மூடி செய்கிறேன். மூடி அளவெடுத்தது போல இறுக்கமாக இருந்தால் கீழே இறங்காது, உள்ளே இருக்கிற காற்று போக வழி வேண்டும் என்று கட்டைவிரல் அகலத்துக்கு ஓரத்தில் வெட்டு விடுகிறவன் நான். என் கடையில் ஒருவன் வெட்டு விடாமல் மூடி செய்தால் "கண்ணு எங்கடா இருக்குது" என்று கத்துவேன். அந்த நான், ஊரில் ஒருத்தரையும் நம்பாமல், காற்றுகூடப் புகாதபடி பூட்டுப் போட்டுவிட்டு, உங்கள் பிள்ளை ஏமாற்றிவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தாமுவிடம் போய்ச் சொன்னேன். அவன் வண்டிக்கு அடியில் படுத்து, டேங்க்குக்குக் காற்று போகிற சின்னக் குழாயைக் கண்டுபிடித்து ஊதிப் பார்த்தான். அடைப்பு. கம்பியை விட்டுக் குடைந்தால் காய்ந்த மண் கொட்டியது. குளவி கூடு கட்டியிருக்கிறது. "அண்ணே, திருடன் குளவிண்ணே!" என்று கீழே படுத்துக்கொண்டே சிரித்தான். என் பட்டியலில் குளவி மட்டும்தான் இல்லை.

சரோஜாவிடம் விஷயத்தைச் சொன்னேன். முறத்தில் இருந்த அரிசியில் ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். பிறகு, "அந்தக் குளவி வண்டிய விக்கறதுக்கு முன்னாடியே கூடு கட்டிச்சா, அப்பறமா கட்டிச்சா?" என்றாள். அவளை விட்டுவிடுங்கள்.

திவசத்தன்று உங்கள் வீட்டுக்கு வண்டியைக் கொண்டுவந்தேன். மாப்பிள்ளை முன்னால் உட்கார்ந்தார். பின்னால் சம்பந்தியம்மா, உங்கள் அக்கா, பவானி, மடியில் குழந்தை. ஆற்றில் காரியம் முடிந்து, வீட்டில் படையல் போட்ட பிறகுதான் சாப்பாடு என்று வீடு முழுக்கப் பட்டினி. குழந்தைக்குப் பால் கொடுக்கிறவள் எவ்வளவு நேரம் தாங்குவாள்? கேட்கவும் மாட்டாள். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன், வாடியிருந்தது.

எடைமேடை வந்தது. வண்டியை ஓரம் கட்டினேன்.

மாப்பிள்ளை பதறிவிட்டார். "இன்னா ஆச்சு மாமா? வண்டி மக்கர் பண்ணுதா?" அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குப் புரிந்தது. நான் இத்தனை மாதம் அவரைச் சந்தேகப்பட்டதுபோல, நான் என்றைக்கு வந்து குறை சொல்வேனோ என்று அவரும் பயந்துகொண்டே இருந்திருக்கிறார். நான் கேட்காமலே கடகடவென்று சொன்னார்: "அப்பா வண்டிய வெளியாளுக்குக் குடுக்க மனசு வர்ல மாமா. முழு வெல சொன்னா நீங்க வாணான்னு வுட்டுடுவீங்களோன்னுதான் பாதி சொன்னேன். ஏதாச்சும் தொந்தரவுன்னா சொல்லிடுங்க, நான் பாத்துக் குடுக்கறேன்."

"தொந்தரவு ஒண்ணும் இல்ல மாப்ள. மூடிய பாக்கணும். கொஞ்சம் நேரமாவும்."

டேஷ்போர்டைத் திறந்து, வரும்போதே வாங்கி ஒளித்துவைத்திருந்த இட்லிப் பொட்டலத்தை எடுத்துப் பின்னால் நீட்டினேன். பவானி வாங்கிக்கொண்டாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் இறங்கிப் போய், உங்கள் ஓட்டை மூடியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றேன்.

"எந்த மூடி? இன்னா பாக்கறாரு?" என்று உங்கள் அக்கா கேட்டது காதில் விழுந்தது. திவச நாளில் மருமகள் வாயில் இட்லி. சம்பந்தியம்மா என்ன சொல்லப்போகிறாரோ என்று என் முதுகு முழுக்கக் காதாக இருந்தது.

"பொறுமையா சாப்டும்மா" என்றது சம்பந்தியம்மாவின் குரல். "மூடி பாக்கறதுன்னா சும்மாவா? உங்க மாமா கூட நிதானமாத்தான் பாப்பாரு."

ஆக, அவருக்கும் தெரியும். விளக்கேற்றுவதற்கு முன்னால் வீட்டில் யாரும் வாயில் போடக் கூடாது என்ற அந்த அம்மாளுக்கு, வீட்டுக்கு வெளியே எடைமேடையில் நடந்தது எல்லாம் தெரியும். உங்கள் அக்காவை விட்டால், தெரியாதவர்கள் இரண்டே பேர்தான் போலிருக்கிறது. மற்றவர்களுக்குத் தெரியும் என்று தெரியாத நீங்கள். ஒன்றுமே தெரியாத நான்.

பவானி அடுத்த மாதம் மறுபடியும் வேலைக்குப் போகிறாள். காலை ஷிப்ட்தான் கொடுத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை பைக்கில் விடுகிறேன் என்றார். வேண்டாம், நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். குழாயில் அடைப்புப் போனாலும் உங்கள் ஓட்டை மூடியை மாற்ற மாட்டேன், பூட்டு மூடியை எடைக்குப் போட்டாயிற்று. எடைமேடையில் வண்டி தினமும் நிற்கும், சம்பந்தி. நான் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். இது என் வாக்கு.

அன்றைக்கு நடந்ததில் ஒன்றை மட்டும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பவானி கை துடைக்கிற சத்தம் கேட்டது. மூடியை மூடினேன். வந்து உட்கார்ந்து, கையை வெளியே நீட்டிக் கதவை இரண்டு தட்டுத் தட்டினேன். கை தானாகத் தட்டிவிட்டது. வண்டிக்குள் ஒரு சத்தமில்லை. உங்கள் பேத்திகூட அழவில்லை. மாப்பிள்ளை நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், சம்பந்தியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். அத்தனை பேரும் எதற்காகக் காத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுடைய அந்த இரண்டு வார்த்தையை மட்டும் நான் வாய் திறந்து சொல்லவில்லை. பேசாமல் கியரைப் போட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் பேத்தியின் இன்னொரு தாத்தா,
சம்பந்தி, பெட்டிக்கார ஏழுமலை